ஹீலியம் பிளாஸ்மாச் சுடரின் ஒளியிலிருந்து எந்த வெப்பநிலையை அறியலாம்?

குவார்ட்ஸ் குழாய்க்குள் ஹீலியத்தை ஓடவிட்டு, வெளிப்புறத்தில் இரண்டு செம்பு வளையங்களைப் பொருத்தி, 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் சில கிலோவோல்ட் கொடுத்திருக்கிறீர்கள். குழாயின் வாயிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு பிளாஸ்மாவின், அதாவது அணுக்கள் சிலவற்றிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்த வாயுவின், ஊதா நிறச் சுடர் வந்திருக்கிறது. அதன் ஒளியைச் சிறிய நிறமாலைமானியில் பதிந்து, ஹீலியம் கோடுகளின் செறிவை போல்ட்ஸ்மான் வரைபடத்தில் (ஒவ்வொரு கோட்டின் செறிவையும் அதை உமிழும் மேல்நிலையின் ஆற்றலுக்கு எதிரே இட்டு, சாய்விலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடும் முறை) இட்டபோது சுமார் 3,000 கெல்வின் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சுடரில் விரலை நீட்டினால் இளஞ்சூடுதான் தெரிகிறது. படித்த ஆய்வுக் கட்டுரைகளோ எலெக்ட்ரான் வெப்பநிலை 1 எலெக்ட்ரான்வோல்ட், அதாவது 11,600 கெல்வின், அல்லது அதற்கும் மேல் என்கின்றன. இம்மூன்றில் எது உண்மை என்பது உங்கள் முதல் கேள்வி. நிறமாலையில் 391.4 நானோமீட்டரில் வலுவான முகடு தெரிவதால், 18.7 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்கள் ஏராளமாக உள்ளன என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: வளிமண்டல அழுத்தத்தில் எரியும் ஒரு பிளாஸ்மாவின் ஒளி, அதைப் பற்றி எதைத் தெரிவிக்கிறது, எதைத் தெரிவிப்பதில்லை?

இவ்வகை மின்னிறக்கங்களின், அதாவது வாயு வழியே மின்சாரம் பாயும் நிகழ்வுகளின், ஒளியை அளப்பதே பல ஆண்டுகளாக என் வேலை என்பதால், முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். வாயு ஏறத்தாழ அறை வெப்பநிலையில் இருக்கிறது என்று உங்கள் விரல் சொல்வது பெரும்பாலும் சரி. எலெக்ட்ரான்கள் அதைவிட மிகச் சூடாக இருக்கின்றன என்று கட்டுரைகள் சொல்வதும் சரி. நீங்கள் வரைபடத்திலிருந்து எடுத்த 3,000 கெல்வின் வாயுவின் வெப்பநிலையும் அன்று, எலெக்ட்ரான்களின் வெப்பநிலையும் அன்று. அதை ஆய்வேட்டில் எந்தப் பெயரிலும் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. 391.4 முகட்டிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு, ஹீலியத்தைப் பொறுத்தவரை, தவறு.

ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலைகள் எப்படி இருக்க முடியும் என்பதிலிருந்து தொடங்குவோம். அறை வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கன சென்டிமீட்டர் வாயுவில் ஏறத்தாழ 2.5 × 10¹⁹ அணுக்கள் அல்லது மூலக்கூறுகள் இருக்கின்றன. உங்களுடையதைப் போன்ற சுடரில் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை அதே கன அளவில் 10¹² முதல் 10¹³ வரை இருப்பது வழக்கம். அதாவது இருபத்தைந்து லட்சம் முதல் இரண்டரைக் கோடி வரையிலான அணுக்களுக்கு நடுவே ஓர் எலெக்ட்ரான் என்ற கணக்கு. ஹீலியம் அணு எலெக்ட்ரானைவிட 7,300 மடங்கு கனமானது. ஆகவே அணுவின் உள்நிலை மாறாத மீள்மோதல் ஒன்றில் எலெக்ட்ரான் தன் ஆற்றலில் ஏறத்தாழ 3,600இல் ஒரு பங்கை மட்டுமே அணுவிடம் விட்டுச்செல்கிறது. ஆட்டுக்கல்லின் மேல் கடுகை எறிந்தால் கடுகுதான் திசைமாறித் தெறிக்கும், கல் அசையாது. எண்ணிக்கையும் இதையே சொல்கிறது: ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள 10¹³ எலெக்ட்ரான்களும் தம் ஆற்றல் முழுவதையும் ஒரே நேரத்தில் வாயுவிடம் கொட்டிவிட்டாலும், வாயுவின் வெப்பநிலை ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்குகூட உயராது. வாயு சூடாவது, மின்புலம் மீண்டும் மீண்டும் எலெக்ட்ரான்களுக்கு ஆற்றலூட்ட, அவை அதை மீண்டும் மீண்டும் வாயுவுக்குள் செலுத்துவதால்தான். உங்கள் அமைப்பில் மின்சாரம் பாயும் நேரம் சிறிது, ஓடும் ஹீலியம் வெப்பத்தைக் கூடவே எடுத்துச் சென்றுவிடுகிறது. இதுவரை சொன்னதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

அடுத்து, எந்த நேரத்து ஒளியை நீங்கள் பதிகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். வாயுவில் மின்முறிவு ஏற்படும் மின்னழுத்தம், அழுத்தத்தையும் மின்முனை இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது என்பதை ஃபிரீட்ரிக் பாஷன் 1889இல் அளந்து காட்டினார். ஓர் எலெக்ட்ரான் மோதி இன்னொன்றை விடுவிக்க, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகப் பனிச்சரிவுபோல் பெருகும் நிகழ்வை ஜான் டவுன்சென்ட் விளக்கினார். அந்தச் சரிவில் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ பத்துக் கோடியை எட்டும்போது, அவை உண்டாக்கும் மின்புலமே வெளிமின்புலத்துக்கு நிகராகிவிடுகிறது. அதன்பின் மின்னிறக்கம் தன் தலைப்பகுதியில் தானே வலுவான புலத்தை உருவாக்கிக்கொண்டு மெல்லிய இழையாகப் பாய்கிறது. ரேத்தர், லோப், மீக் ஆகியோர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த இந்த விளக்கம்தான் வளிமண்டல அழுத்த மின்னிறக்கங்களைப் புரிந்துகொள்ள இன்றும் அடிப்படை. மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடித் தடையை வைத்து, இழை மின்பொறியாகவோ மின்வில்லாகவோ மாறும் முன் மின்னோட்டத்தை அறுத்துவிடும் முறை அதைவிடப் பழையது. ஓசோன் உண்டாக்குவதற்காக வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857இலேயே அதைச் செய்தார். உங்கள் குவார்ட்ஸ் குழாய் செய்யும் வேலையும் அதேதான்.

கண்ணுக்குத் தொடர்ச்சியான சுடராகத் தெரிவது உண்மையில் தொடர்ச்சியானதே அன்று. நானோநொடி அளவில் திறந்து மூடும் கேமராவால் பார்த்தால், குழாயின் வாயிலிருந்து சிறிய ஒளிப்பந்து ஒன்று வினாடிக்குப் பத்து முதல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டு, சுடரின் நுனியில் மறைவதும், அடுத்த சுற்றில் இன்னொன்று புறப்படுவதும் தெரியும். டெஷ்கேயும் உடன் ஆய்வாளர்களும் 2005இலும், லூவும் லாரூசியும் 2006இலும் வெளியிட்ட படங்களுக்குப் பிறகு இதைப் ‘பிளாஸ்மாத் தோட்டா’ என்றே துறையில் அழைக்கிறார்கள். உங்கள் நிறமாலைமானி ஒரு பதிவுக்கு 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், அதில் 2,000 சுற்றுகளின் ஒளி ஒன்றாகக் குவிகிறது. ஆனால் அந்த ஒளியில் பெரும்பகுதி, புலம் மிக வலுவாக இருக்கும் தோட்டாவின் தலைப்பகுதியிலிருந்து, அது அந்த இடத்தைக் கடக்கும் சில பத்து நானோநொடிகளில் மட்டும் வந்தது. எஞ்சிய நேரமெல்லாம் அங்கே அயனிகளும், ஒளியை உமிழாமல் ஆற்றலை நெடுநேரம் தேக்கிவைக்கும் சிற்றுறுதி நிலை அணுக்களும், மெதுவாகக் குறையும் எலெக்ட்ரான்களும் இருக்கின்றன. அவை பெரிதாக ஒளிர்வதில்லை. எனவே ‘பிளாஸ்மாவின் சராசரி’ என்று நீங்கள் நினைத்து எழுதும் எந்த எண்ணும், அதன் வாழ்நாளில் மிகக் குறுகிய, மிகக் கொந்தளிப்பான கணத்தின் எண்ணாகவே இருக்கும்.

இத்துடன் மோதல் தணிப்பும் சேர்கிறது. குறைந்த அழுத்தத்தில் பழகியவர்கள் வளிமண்டல அழுத்தத்துக்கு வரும்போது பெரும்பாலும் இடறுவது இங்கேதான். நைட்ரஜன் மூலக்கூறு கூடுதல் ஆற்றல் பெற்றிருக்கும் ‘சி’ கிளர்வு நிலைதான் 337.1 நானோமீட்டரில் தெரியும் புற ஊதாப் பட்டைக்குக் காரணம். தனியாக விடப்பட்டால் அது ஏறத்தாழ 40 நானோநொடி வாழ்ந்து ஒளியை உமிழும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் அதன்மேல் மோதி, அரை நானோநொடி அளவிலேயே ஒளியின்றி அதன் ஆற்றலைப் பறித்துவிடுகின்றன. அப்படியானால் கிளர்ந்த மூலக்கூறுகளில் எண்பதில் ஒன்றுதான் ஒளியாகிறது; மற்றவை இருளில் முடிகின்றன. உங்கள் சுடரிலோ, குழாயின் வாயருகே கிட்டத்தட்டத் தூய ஹீலியமும், நுனியருகே நிறையக் காற்றும் இருப்பதால், இந்தத் தணிப்பின் அளவு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மாறுகிறது. சுடரின் அச்சில் 337.1 பட்டை ஓரிடத்தில் மங்கினால், அங்கே கிளர்வு குறைந்ததா, காற்று கூடியதால் தணிப்பு கூடியதா என்பதை அந்தப் பட்டையின் செறிவை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. இடம்மாறும் செறிவைக் கொண்டு வரைந்த அழகிய வளைகோடுகளைக் கருத்தரங்குகளில் அடிக்கடி பார்க்கிறேன். காற்றின் பங்கை அளக்காமல் வரைந்த அவற்றுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பதில்லை.

இப்போது உங்கள் 3,000 கெல்வினுக்கு வருவோம். போல்ட்ஸ்மான் வரைபடம் செல்லுபடியாக வேண்டுமானால், கிளர்வு நிலைகளுக்கு இடையிலான பங்கீட்டை எலெக்ட்ரான் மோதல்களே தீர்மானிக்க வேண்டும். ஒளி உமிழ்வும் மற்ற அணுக்களின் மோதலும் அதைக் கலைக்கக் கூடாது. அதற்குக் குறைந்தபட்சம் எத்தனை எலெக்ட்ரான்கள் வேண்டும் என்பதற்கு மக்வர்டர் வகுத்த வரம்பு ஒன்று உண்டு. ஹீலியத்தில் அடிநிலைக்கும் முதல் கிளர்வு நிலைக்கும் உள்ள இடைவெளி 19.8 எலெக்ட்ரான்வோல்ட் என்பதால், அந்த வரம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁸ எலெக்ட்ரான்கள் என்ற அளவில் நிற்கிறது. உங்களிடம் இருப்பது அதிகம் போனால் 10¹³; ஒரு லட்சம் மடங்கு பற்றாக்குறை. வெல்டிங் வில்லில், மின்னல் பாதையில், எலெக்ட்ரான் அடர்த்தி இவ்வளவு குறைவதில்லை. அங்கே இந்த முறையைத் தக்க கவனத்துடன் கையாளலாம், மின்னல் பாதையின் 30,000 கெல்வின் என்ற எண்ணும் நிறமாலையிலிருந்து கிடைத்ததே. குளிர்ந்த சுடரில் அதே முறையைப் பயன்படுத்தினாலும் புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழத்தான் செய்யும். நேர்கோடு வந்துவிட்டது என்பது சமநிலைக்குச் சான்றாகாது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்திய 587.6, 667.8, 706.5, 728.1 ஆகிய கோடுகளின் மேல்நிலைகள் அனைத்தும் 22.7 முதல் 23.1 எலெக்ட்ரான்வோல்ட் வரையிலான குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு சிறிய இடைவெளியில் சாய்வைக் கணக்கிட்டால், செறிவில் ஏற்படும் சிறு பிழையும் வெப்பநிலையில் பெரிதாகிவிடும். 706.5 கோட்டின் மேல்நிலைதான் இவற்றுள் மிகத் தாழ்ந்தது. அந்த ஒரு கோட்டின் செறிவு மும்மடங்காகத் தவறிவிட்டால், 11,600 கெல்வினாக வந்திருக்க வேண்டிய விடை 3,000 கெல்வினாக இறங்கிவிடும். அப்படித் தவறுவதற்கு வழியும் இருக்கிறது. நிறமாலைமானியில் ஒளியை அலைநீள வாரியாகப் பிரிக்கும் கீற்றணி, ஓர் அலைநீளத்தின் ஒளியை அதன் இருமடங்கு அலைநீளத்துக்குரிய இடத்திலும் இரண்டாம் வரிசையாக விழச்செய்யும். நைட்ரஜனின் 353.7 பட்டையை இரண்டால் பெருக்கினால் 707.4, ஒரு நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாத சிறிய கருவியில் அது ஹீலியத்தின் 706.5 கோட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரே முகடாகத் தெரியும். அதேபோல் ஹீலியத்தின் 388.9 கோடு 777.7இல் விழும், அணு ஆக்சிஜனின் புகழ்பெற்ற 777 முக்கோடுகள் இருக்கும் இடமும் அதுவே. நீங்கள் இணைத்திருக்கும் படத்தில் 674இலும் 715இலும் பெயரிடப்படாத சிறு முகடுகள் தெரிவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 337.1ஐயும் 357.7ஐயும் இருமடங்காக்கிப் பாருங்கள், 674.2, 715.4. ஆகவே உங்கள் கருவியில் வரிசை பிரிக்கும் வடிகட்டி இல்லை, அல்லது போதவில்லை என்பது உறுதி. ஒளியிழையின் முன் 450 நானோமீட்டருக்குக் கீழ் உள்ளதைத் தடுக்கும் மஞ்சள் வடிகட்டியை வைத்து மீண்டும் பதியுங்கள். 450 நானோமீட்டருக்கு மேல் இருந்து மறையும் முகடுகள் அனைத்தும் போலி. சாதாரண ஜன்னல் கண்ணாடி இதற்கு உதவாது, 353 நானோமீட்டர் ஒளி அதன் வழியே தாராளமாகக் கடந்துவிடும்.

கருவியின் உணர்திறன் அலைநீளத்துக்கேற்ப மாறுவதைத் திருத்தினீர்களா என்பதும் உங்கள் கேள்வியில் தெளிவாக இல்லை. கண்ணுறு ஒளிப் பகுதிக்கு டங்ஸ்டன்-ஹாலஜன் விளக்கையும், புற ஊதாப் பகுதிக்கு டியூட்டீரியம் விளக்கையும் கொண்டு, அதே ஒளியிழையுடன், அதே வளைவுடன் அளவுதிருத்தம் செய்யாமல் எந்த இரண்டு கோடுகளின் விகிதத்தையும் எடுக்கக் கூடாது.

வாயுவின் வெப்பநிலையை ஒளியிலிருந்து அறிய முடியும் என்பதே இந்தத் துறையின் நல்ல செய்தி. நைட்ரஜனின் புற ஊதாப் பட்டைகள் ஒவ்வொன்றும் மூலக்கூறின் சுழற்சி நிலைகளால் உண்டான நெருக்கமான கோடுகளின் தொகுப்பு. வாயு சூடாகச் சூடாக, பட்டையின் குறைந்த அலைநீளப் பக்கத்து வால் உயர்ந்து அகலும். 337.1 அல்லது 380.5 பட்டையின் வடிவத்தைக் கணினியில் கணக்கிட்ட வடிவத்தோடு பொருத்தினால் சுழற்சி வெப்பநிலை கிடைக்கும். அது ஏன் வாயு வெப்பநிலையைக் குறிக்கிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், சில மோதல்களிலேயே சுழற்சி வாயுவோடு சமநிலைக்கு வந்துவிடும் என்பது. காற்றில் அரை நானோநொடியே வாழும் ஒரு நிலைக்கு அந்தச் சில மோதல்கள்கூட முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதால், எனக்கு இன்னொரு காரணம்தான் வலுவாகப் படுகிறது: எலெக்ட்ரான் மிக இலேசானது, அது மோதிக் கிளர்த்தும்போது மூலக்கூறின் சுழற்சியைப் பெரிதாக மாற்றுவதில்லை, ஆகவே அடிநிலையில் இருந்த சுழற்சிப் பங்கீடு, இரண்டு நிலைகளின் சுழற்சி மாறிலிகளுக்கு உள்ள வேறுபாட்டைத் திருத்திக்கொண்டால், கிளர்வு நிலையிலும் ஏறத்தாழ அப்படியே பதிந்திருக்கும். இந்தக் காரணம் எலெக்ட்ரான் நேரடியாகக் கிளர்த்தும் இடத்தில்தான் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. ஆர்கானில் நிலைமை வேறு: 11.5 எலெக்ட்ரான்வோல்ட் கொண்ட ஆர்கானின் சிற்றுறுதி நிலை, 11 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டிய நைட்ரஜனின் ‘சி’ நிலையை நேரே கிளர்த்துகிறது, மிஞ்சும் ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சியாகப் போய்விடுகிறது. அதனால் ஆர்கான் சுடரில் நைட்ரஜன் பட்டை காட்டும் வெப்பநிலை உண்மையைவிட அதிகமாக இருக்கும். ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சிலின் 309 பட்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீர் மூலக்கூறு எலெக்ட்ரான் மோதி உடையும்போதே ஹைட்ராக்சில் வேகமாகச் சுழன்றபடி பிறக்கிறது. புருகெமனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட நீண்ட மீளாய்வு இந்தக் கேள்வியை வாயுவுக்கு வாயு, பட்டைக்குப் பட்டை அலசியிருக்கிறது; சுழற்சி வெப்பநிலையை எழுதும் முன் அதைப் படிப்பதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

உங்கள் ஹீலியம் சுடருக்கு 380.5 பட்டையைப் பரிந்துரைக்கிறேன். முதலில் உங்கள் கருவியின் கோட்டு வடிவத்தைப் பாதரச விளக்கின் 404.7 கோட்டைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். அந்த வடிவத்தைச் சரியாக உள்ளிடாமல் பொருத்தினால், கருவியின் அகலமே வெப்பமாக மாறித் தோன்றும். அறை வெப்பநிலையை ஒட்டி 30 கெல்வினுக்குள் பிழை அடங்கினால் நல்ல அளவீடு என்று கொள்ளலாம். சிறிய கருவியில் பத்துக்குள் அடங்குகிறது என்று யாராவது எழுதினால் நான் நம்பத் தயங்குவேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வெப்பமானி வேண்டும். உலோக வெப்ப இரட்டையைச் சுடருக்குள் நீட்டாதீர்கள். அது மின்முனையாகி மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், காட்டும் எண்ணும் கெடும், இணைத்த கருவியும் பழுதாகலாம். கண்ணாடி இழை வழியே இயங்கும் ஒளியியல் வெப்பமானி பொருத்தமானது. உங்கள் விரலுக்கும் இதே குறை உண்டு: மனித உடல் தரையோடு இணைந்த கடத்தி என்பதால், விரல் அருகே வந்ததும் சுடர் நீண்டு, ஒளி கூடி, மின்னோட்டமும் உயர்கிறது. விரல் உணர்வது, விரல் இல்லாதபோது இருந்த சுடரின் வெப்பத்தை அன்று. அது இருக்கட்டும், விரலை நீட்டுவதையே விட்டுவிடுங்கள். சுடர் குளிர்ச்சியாக இருப்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. மின்னோட்டமும் புற ஊதாவும் தோலில் விழுகின்றன, அருகே ஓசோனும் உண்டாகிறது. ஓசோனுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி வகுத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்குதான், மூக்குக்கு அதன் வாசனை தெரியும் அளவிலேயே வெளியேற்று விசிறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

391.4 முகட்டுக்கு வருகிறேன். அது நைட்ரஜன் அயனியின் ‘பி’ நிலை உமிழும் ஒளி. நடுநிலை மூலக்கூறிலிருந்து ஒரே மோதலில் அந்த நிலைக்குப் போக 18.7 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும் என்பது உண்மைதான், உங்கள் வாதமும் அதிலிருந்தே எழுகிறது. ஆனால் ஹீலியத்தில் வேறு வழிகள் இருக்கின்றன. ஹீலியத்தின் சிற்றுறுதி நிலையில் 19.8 எலெக்ட்ரான்வோல்ட் சேமிப்பாகக் கிடக்கிறது. அது நைட்ரஜனோடு மோதினாலே, எந்த எலெக்ட்ரானின் உதவியும் இல்லாமல், அயனியாக்கி ‘பி’ நிலைக்கும் தூக்கிவிடும். இதுவே பென்னிங் அயனியாக்கம். இரண்டு ஹீலியம் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அயனியும், வளிமண்டல அழுத்தத்தில் விரைவாக உருவாகி, நைட்ரஜனிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்து அதே நிலையை உண்டாக்குகிறது. தோட்டா கடந்துபோன பிறகும் 391.4 ஒளி 337.1 ஒளியைவிட நீண்ட நேரம் நீடிப்பதை வேகமான ஒளிப்பெருக்கிக் குழாயால் பார்க்கலாம். புலம் தணிந்து, ஆற்றல்மிக்க எலெக்ட்ரான்கள் இல்லாமல் போன பிறகும் அந்த ஒளி தொடர்வதற்கு இந்த வழிகளே காரணம். எனவே உங்கள் முகடு, ஹீலியத்தில் சேமிக்கப்பட்ட ஆற்றல் காற்றின் நைட்ரஜனுக்குக் கைமாறுகிறது என்பதைக் காட்டுகிறது. அதுவே எழுதத்தக்க முடிவு, சுடரின் வேதியியலுக்கு முக்கியமான முடிவும்கூட.

ஹீலியம் இல்லாத தூய காற்று மின்னிறக்கத்தில் உங்கள் வாதம் பொருந்தும். அங்கே 391.4ஐ நேரடி எலெக்ட்ரான் மோதல்தான் பெரும்பாலும் உண்டாக்குகிறது, 337.1க்கு 11 எலெக்ட்ரான்வோல்ட் போதும், 391.4க்கு 18.7 வேண்டும் என்பதால், இரண்டின் விகிதம் எலெக்ட்ரான்களின் ஆற்றலை, அதன் வழியாக மின்புலத்தின் வலிமையைக் காட்டும். கோஸ்லோவ் குழுவினர் 2001இல் தடை மின்னிறக்கத்தின் ஒற்றை இழையை இந்த முறையில் நானோநொடிக்கும் குறைவான நேரப் பகுப்போடு அளந்து காட்டியது, இத்துறையின் மிக நேர்த்தியான அளவீடுகளுள் ஒன்று என்பேன். சிறிய கருவியில் 391.4ஐ இனங்காண்பதிலும் கவனம் தேவை: ஒரு பக்கம் ஹீலியத்தின் 388.9 கோடு, மறுபக்கம் நைட்ரஜனின் 394.3 பட்டை; சுடர் பிளாஸ்டிக்கிலோ வேறு கரிமப் பொருளிலோ பட்டால், கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறின் 388.3 பட்டையும் கூட்டத்தில் வந்து சேரும்.

எலெக்ட்ரான் அடர்த்தியையும் ஒளியிலிருந்து எடுக்கலாமா என்று நீங்கள் போகிற போக்கில் கேட்டதற்குச் சுருக்கமான பதில். ஹைட்ரஜனின் 486.1 கோடு, சுற்றியுள்ள மின்துகள்களின் புலத்தால் விரிவடையும். அந்த ஸ்டார்க் விரிவே அடர்த்தியின் அளவுகோல். ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ எலெக்ட்ரான்கள் இருந்தால் விரிவு 4.8 நானோமீட்டர்; எவரும் பார்க்கலாம். அடர்த்தி 10¹⁴ ஆகும்போது அது ஏறத்தாழ 0.04 நானோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அறை வெப்பநிலை ஹீலியத்தில் நடுநிலை அணுக்களின் மோதலால் வரும் வான் டெர் வால்ஸ் விரிவும் அதே அளவு, ஆர்கானில் அதைப்போல் இரு மடங்கு. உங்கள் 10¹³இல் இந்த முறை கைகொடுக்காது. ஒரு நானோமீட்டர் பகுப்புள்ள கருவியில் முயல்வதே வீண். எலெக்ட்ரான்களின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் அதிக ஐயமின்றித் தருவது, லேசர் ஒளி எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறுவதை அளக்கும் தாம்சன் சிதறல் முறைதான். அதற்கு வலிய லேசரும், வாயுவிலிருந்து வரும் ராமன் மற்றும் ராலே சிதறல்களைப் பிரித்தெடுக்கும் திறமையும் வேண்டும். முதுகலை ஆய்வேட்டுக்கு அது அவசியமில்லை.

ஆய்வேட்டைப் பொறுத்தவரை, 380.5 பட்டையிலிருந்து பெற்ற சுழற்சி வெப்பநிலையை வாயு வெப்பநிலையின் மதிப்பீடாக, இரண்டாவது வெப்பமானியின் அளவோடு சேர்த்து எழுதுங்கள். 391.4 முகட்டைப் பென்னிங் வழியோடு இணைத்து விளக்குங்கள். எலெக்ட்ரான் வெப்பநிலையை நீங்கள் அளக்கவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அதற்கான காரணத்தை மேற்சொன்ன வரம்பின் கணக்கோடு காட்டினால், தேர்வாளர் அதைக் குறையாகக் கொள்ள மாட்டார். 309 பட்டை வலுவாக இருந்தால், ஹீலியம் வரும் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிய ஈரம் காரணமாக இருக்கலாம். சில நிமிடங்கள் வாயுவை ஓடவிட்ட பின் அது குறைகிறதா என்று பாருங்கள், முடிந்தால் குழாயை உலோகத்துக்கு மாற்றுங்கள். மருத்துவப் பயன்களைப் பற்றி நீங்கள் கடைசியில் கேட்டது என் பயிற்சிக்கு வெளியே இருப்பதால் அதைத் தொடவில்லை. மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்த புதிய பதிவையும், வடிகட்டி இல்லாத பழைய பதிவையும், மின்னிறக்கத்தை அணைத்துவிட்டு எடுத்த இருள் பதிவையும், திருத்தம் எதுவும் செய்யாத எண்களாகவே இங்கே இணைத்தால், 706.5இல் எவ்வளவு கலப்பு இருந்தது என்பதை உங்களோடு சேர்ந்து கணக்கிட்டுச் சொல்கிறேன். குழாயின் உள்விட்டத்தையும் ஹீலியத்தின் ஓட்ட அளவையும் கூடவே எழுதுங்கள்.